ஒரே பிளேடு

முதலில் உப்பு என்றுதான் நினைத்தேன்.
கீழக்கரையில் எந்த இலை கருகினாலும்
பழியை உப்பின் தலையில் போட்டுவிடலாம்.
கச்சான் வீசும் மாதங்களில்
மொட்டைமாடிச் சுவரே பொரிந்து உதிர்கிறது,
அடீனியம் எம்மாத்திரம்.

ஆனால் உப்பு ஓரத்திலிருந்து தின்னும்.
வெயில் சுட்டால் சுட்ட பக்கம் மட்டும் வெளுக்கும்,
தொட்டியைத் திருப்பி வைத்தால் அதோடு நின்றுவிடும்.
பசி என்றால் அடி இலையில் தெரியும்.
இது நடு இலையில்,
டீ டம்ளர் வைத்து எடுத்த தடம்போல
ஒரு மஞ்சள் வளையம்.
அதற்குள் பச்சை.
அதற்குள் இன்னொரு வளையம்.

மண்ணை மாற்றினேன்.
செங்கல் தூள், ஆற்றுமணல், கொஞ்சம் கரி.
இருபது நாள் பொறுத்தேன்.
கருஞ்சிவப்பு பூக்கிற செடியில்
வெள்ளைக் கீறலோடு ஒரு பூ விரிந்தது,
யாரோ நகத்தால் கீறியதுபோல.

மதுரையிலிருந்து வந்த தவசிலிங்கம்
அதைத்தான் முதலில் கையில் எடுத்தார்.
'புது ரகமா லாத்தா? இலையிலும் டிசைன் இருக்கே.
ரெட்டை விலை தர்றேன்.'
மகள் கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டிய வாரம் அது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசித்தேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

அன்றிரவு டார்ச்சோடு மாடி ஏறினேன்.
வளையங்கள் காற்றுப் போகிற வழியில் இல்லை.
தண்ணீர் ஓடுகிற வழியிலும் இல்லை.
இங்கே ஒன்று, தொட்டிக்கு அப்பால் ஒன்று,
படியோரம் மூன்று.
கணக்கு நோட்டை எடுத்துவந்து பார்த்தேன்:
மாசி பதினொன்று, ஒட்டுக் கட்டியது, பதினேழு.
அதே பதினேழு.
முதலாவது, அன்று காலை பார்சலில் வந்திறங்கியது.
அட்டைப்பெட்டி பிரித்த ஈரம் காயுமுன்னே
வெட்டியிருக்கிறேன்.

என் வெட்டு நேராக விழும் என்பார்கள்.
என் ஒட்டு தோற்றதில்லை என்பார்கள்.
பிளேடை ஒவ்வொரு செடிக்கும் துடைத்தேன், உண்மை.
துப்பட்டி நுனியில்.
கண்ணுக்குத் தெரிகிற பால்தான் போனது.

பதினேழில் ஒன்பது என்னிடம்.
எட்டு விற்றாகிவிட்டது.
ஏர்வாடி பக்கீர் மரைக்கார், உச்சிப்புளி வேலாயி,
தொண்டியில் ஒரு பல் டாக்டர்.
ஒவ்வொருவராக போன் போட்டேன்.
'மருந்து அடிச்சா போகாதா?'
போகாது.
'கிளையை வெட்டிட்டா?'
வெட்டாதீங்க. அதைத்தான் நான் செய்தேன்.
தவசிலிங்கத்துக்கும் சொன்னேன்.
வேறு கடையில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

என் ஒன்பதையும் வேரோடு பிடுங்கி
சாக்கில் கட்டி வெயிலில் போட்டேன்,
காய்ந்தபின் எரிக்கலாம் என்று.
பாலைவனத்துச் செடி, அவ்வளவு சீக்கிரம் காயுமா?
பதினோராம் நாள் சாக்கை அவிழ்த்தால்
மண்ணில்லை, நீரில்லை, வெளிச்சமும் இல்லை,
ஒரு மொட்டு விரிந்திருந்தது.
வெள்ளைக் கீறலோடு.
திரும்பக் கட்டினேன். கை கொஞ்சம் நடுங்கியது.

இப்போது மாடியில்
ப்ளீச் கரைசலில் ஐந்து பிளேடுகள் ஊறுகின்றன.
ஒரு செடிக்கு ஒன்று, முறைவைத்து.
அசுவினியைத் தேடி இலையின் அடிப்பக்கம் பார்க்கிறேன்,
எறும்பு ஏறுகிற தொட்டியில் இன்னும் கூர்ந்து.
பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள்
தனி அறை கொடுக்கிற வீடுதானே இது.
பார்சலில் வருகிற செடிக்கும் நாற்பது,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தனிப் பூவாளியோடு.

ஏழு பேர் செடியை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.
மண்டபம் ஸ்டெல்லா டீச்சர் மட்டும் மறுத்தார்.
'சாகலையே அது. பூக்குது.
எங்கிட்ட வேற செடியும் இல்ல.'

பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.
ஜன்னலுக்கு வெளியே கடல், உள்ளே அந்த ஒரே தொட்டி.
இலை முழுக்க வளையம்.
வாதாட வாய் வரவில்லை.
பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து
சிவப்பு நூல் சுற்றி
தொட்டி ஓரத்தில் வைத்தேன்.

இது இதற்கு மட்டும், டீச்சர்.
யாராவது ஒரு கிளை கேட்டால்
இல்லை என்று சொல்லுங்கள்.